முப்பத்தோராம் வரி

ஸௌந்தரராஜனுக்குப் பொய் சொல்ல வராது என்று சின்ன காஞ்சிபுரத்தில் ஒரு பேச்சு உண்டு. யார் கிளப்பிவிட்ட பேச்சோ, மனுஷர் அதை ரொம்ப ஜாக்கிரதையாகக் காப்பாற்றிக்கொண்டு வந்தார். அப்பேர்ப்பட்டவர் இரண்டாயிரத்து இரண்டாம் வருஷம் ஆவணி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம், ஒரே உட்காரலில், மூன்று பொய்யும் ஒரு உண்மையும் எழுதினார். பொய் மூன்றும் யாருக்கும் ஒரு கெடுதலும் செய்யவில்லை. அந்த ஒரு உண்மை இருக்கிறதே, அதுதான் காரியத்தைக் கெடுத்தது.

அவர் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். அது வயிற்றுக்கு. பரம்பரையாக வந்த வேலை வேறே. வைகாசித் திருவிழாவில் பெருமாள் ஊரைச் சுற்றிப் புறப்பட்டால் வழி நெடுக முப்பத்தொரு இடத்தில் நிற்பார். சில இடங்களில் சத்திரம், மற்ற இடங்களில் கல்மண்டபம். ஒவ்வொன்றுக்கும் ஒரு உபயக்காரர் குடும்பம் உண்டு; பானகமும் ஊறவைத்த பயறும் வைத்துக்கொண்டு காத்திருப்பார்கள். வாகனம் மண்டபத்தில் இறங்கியதும் ஸௌந்தரராஜன் முன்னால் வந்து நின்று, "அருளப்பாடு" என்று ஆரம்பித்து உபயக்காரரின் பெயரைக் கூவுவார். பெயருக்கு உரியவர் "நாயிந்தே" என்று குரல் கொடுத்துக்கொண்டு, மேல்துண்டை இடுப்பில் கட்டி, குனிந்து வருவார். அவர் தலையில் பரிவட்டம் கட்டித் தீர்த்தம் கொடுப்பார்கள். பெருமாளே பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார் என்பது அதற்கு அர்த்தம். வாய் மட்டும் ஸௌந்தரராஜனுடையது. அப்பா காலமான பிறகு இருபத்து மூன்று வருஷமாக அவர்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். முப்பத்தொரு இடத்துப் பெயர்களும் அவருக்குத் தலைகீழாகப் பாடம்.

அந்த வருஷம் சாலையை அகலப்படுத்த ஏற்பாடாயிற்று. மஞ்சள் பெயிண்டை எடுத்துக்கொண்டு வந்து மண்டபம் மண்டபமாகக் குறி போட்டார்கள். ஊர் கொதித்தது. கடையடைப்பு, ஊர்வலம் எல்லாம் நடந்த பிறகு, கோட்டாட்சியராக இருந்த அம்மாள் ஒரு காரியம் செய்தார். இடிப்பைப் பதினைந்து நாள் நிறுத்திவைத்து, கோயில் தரப்பிலிருந்து ஒரு பட்டியல் கேட்டார். எந்த மண்டபம் புழக்கத்தில் இருக்கிறதோ அதை அரசாங்கக் கமிட்டி வந்து பார்க்கும் வரை தொடக்கூடாது. எது சும்மா கிடக்கிறதோ அது போகட்டும். இதுதான் ஏற்பாடு. கோயில் அலுவலகத்தில் அந்தப் படிவத்தைப் பார்த்தவுடனேயே, "வாத்தியாரைக் கேளுங்கோ, அவருக்குத்தான் எல்லாம் தெரியும்" என்று ஸௌந்தரராஜன் தலையில் கட்டிவிட்டார்கள். அவருக்கும் உள்ளூர ஒரு பெருமைதான்.

படிவத்தில் முப்பத்தொரு வரி. இடத்தின் பெயர், உபயக்காரர் பெயர். மூன்றாவது கட்டத்தில், கடந்த மூன்று ஆண்டுகளில் இடைவிடாமல் சுவாமி எழுந்தருளினாரா, ஆம் அல்லது இல்லை. கடைசியில் 'குறிப்பு' என்று ஒரு சின்னக் கட்டம். அவ்வளவுதான். அன்று பள்ளிக்கூடம் லீவு. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, சாப்பாட்டு மேஜையைத் துடைத்துப் படிவத்தை விரித்துக்கொண்டு உட்கார்ந்தார். அழகான கையெழுத்து அவருக்கு. ஆம், ஆம், ஆம் என்று இருபத்தேழு வரி தறியில் நாடா ஓடுகிற மாதிரி ஓடியது.

இருபத்தெட்டில் பேனா நின்றது.

இரண்டு வருஷம் முன்னால் திருவிழாவில் ஒரு மழை பெய்தது. கத்திரி வெயிலில் யாரும் எதிர்பார்க்காத மழை, அப்படி ஒரு கொட்டு. பெருமாளுக்குத் தார்ப்பாயைப் போர்த்திப் பாதி வழியிலேயே திருப்பிக்கொண்டு வந்துவிட்டார்கள். ஊரின் மேற்குக் கடைசியில் இருக்கிற நான்கு மண்டபங்களுக்கு அந்த வருஷம் அவர் போகவே இல்லை. ஆக, மூன்று ஆண்டுகளில் இடைவிடாமல் என்று கேட்டால் அந்த நான்குக்கும் இல்லை என்றுதான் எழுத வேண்டும்.

இருபத்தெட்டாவது ஒரு பட்டு ஜவுளிக்காரர் மண்டபம். மனுஷர் வருஷா வருஷம் ஊர்ப்பட்ட பேருக்குப் பொங்கல் போடுகிறார். ஒரு மழைக்காக அவர் மண்டபத்தை இடிப்பதா என்று ஸௌந்தரராஜனுக்குத் தோன்றியது. ஆம் என்று எழுதினார். இருபத்தொன்பது பழைய மாணவர்கள் சேர்ந்து நடத்துவது. அவரே பாடம் சொல்லிக் கொடுத்த பிள்ளைகள். ஆம். முப்பதாவது அவர் மைத்துனர் ஸுதர்சனுடையது. அதற்குள் அவர் மனைவி வத்ஸலா காபியோடு வந்து தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள். அந்த வருஷம்தான் மழையில் பெருமாள் திரும்பிவிட்டாரே, அண்ணா செய்து வைத்த தளிகையெல்லாம் வீணாகி மன்னி அழுதாளே என்று ஞாபகப்படுத்தினாள்.

"அதெல்லாம் ஒரு மழையா" என்றார் ஸௌந்தரராஜன். ஆம் என்று எழுதினார். வத்ஸலா சிரித்துக்கொண்டே உள்ளே போனாள். அண்ணா மண்டபம் பிழைத்தது என்கிற சந்தோஷம் அவளுக்கு.

முப்பத்தோராம் வரி முசரவாக்கத்தார் மண்டபம். எல்லைக் கடைசியில் பன்னிரண்டு தூணோடு நிற்கும். பெருமாள் அங்கே இளைப்பாறிவிட்டுத்தான் ஊருக்குத் திரும்புவார். முசரவாக்கத்து விவசாயக் குடும்பங்கள் பதினொன்றுக்கு அது பொது. அங்கே கொடுக்கிற வெள்ளரிப்பிஞ்சு அன்று விடியற்காலையில் கொடியிலிருந்து பறித்ததாக இருக்கும். பதினோரு குடும்பத்துத் தலைவர்களையும் ஒவ்வொருத்தராகப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும்; அதுதான் வழக்கம்.

இங்கேதான் ஒரு பழைய சங்கதி இருக்கிறது. நாலு வருஷம் முன்னால், தொண்ணூற்றெட்டாம் வருஷத் திருவிழா. பெருமாள் அந்த மண்டபத்துக்கு வந்து சேரும்போது உச்சி வெயில். ஸௌந்தரராஜனுக்கு நாக்கு வறண்டு, கால் கொப்புளித்து, எப்போது வீட்டுக்குப் போவோம் என்றிருந்தது. பதினோரு பெயரையும் கூப்பிடாமல், "அருளப்பாடு, முசரவாக்கத்தார்" என்று ஒரே மூச்சில் மொத்தமாக முடித்துவிட்டார். தப்பு அவருடையதுதான், இதில் இரண்டு பேச்சுக்கு இடமில்லை. கூட்டத்தில் முன்னால் நின்ற துரைக்கண்ணு சும்மா இருக்கவில்லை. அவர் அந்தப் பதினோரு பேரில் ஒருவர், ஒன்றியக் கவுன்சிலர் வேறே. எல்லோருக்கும் கேட்கிற மாதிரி ஒன்று சொன்னார்.

"பதினோரு பேரு, சாமி. விடிகாலைலேர்ந்து நின்னுக்கினு இருக்கோம். பேரு கூப்புடறதுக்குக் கூடவா வாய் வலிக்குது?"

கொல்லென்று சிரித்தார்கள். வாகனம் தூக்குகிறவர்கள் சிரித்தார்கள். பட்டர் சிரித்தார். மைத்துனன் ஸுதர்சன் கூட முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தான். அதோடு விட்டதா? எந்தப் புண்ணியவான் பள்ளிக்கூடத்தில் போய்ச் சொன்னானோ, ஒரு மாசம் வகுப்பில் கடைசி பெஞ்சிலிருந்து "வாய் வலிக்குதா சார்" என்று குரல் வந்துகொண்டே இருந்தது. ஸௌந்தரராஜன் யாரிடமும் அதைப் பற்றிப் பேசவில்லை. அடுத்த வருஷத்திலிருந்து பதினோரு பெயரையும் ஒழுங்காகக் கூப்பிட்டார். ஆனால் துரைக்கண்ணுவின் பெயர் வருகிற போதெல்லாம் நெஞ்சுக்குள் முள் மாதிரி ஒன்று புரளும். நாலு வருஷமாக அந்த முள்ளை அவர் பிடுங்கவும் இல்லை, பிறர் கண்ணில் காட்டவும் இல்லை. தண்ணீர் விட்டு வளர்த்தார் என்றே சொல்லலாம்.

முப்பத்தோராம் வரியில், இல்லை என்று எழுதினார்.

எழுதிவிட்டுப் பேனாவை மூடினார். உண்மையைத்தானே எழுதினோம் என்று சொல்லிக்கொண்டார். பெருமாள் அந்த வருஷம் அங்கே போனாரா? போகவில்லை. அப்புறம் என்ன? காபி ஆறிப்போயிருந்தது, அதை ஒரே மடக்கில் குடித்தார். மேல் மூன்று வரியில் கண் போகாமல் பார்த்துக்கொண்டார். கணக்கு வாத்தியாருக்கு இந்தச் சின்னக் கணக்கு தெரியாதா? நன்றாகத் தெரியும். அன்று சாயங்காலமே படிவத்தைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார்.

புதன்கிழமை துரைக்கண்ணு வீட்டுக்கே வந்துவிட்டார். பள்ளிக்கூடம் விட்டு ஸௌந்தரராஜன் அப்போதுதான் திரும்பியிருந்தார். வாசலில் மோட்டார் சைக்கிள் நின்ற சத்தம் கேட்டதும், ஏனோ, சட்டையைக் கழற்றப் போனவர் திரும்பவும் பொத்தான் போட்டுக்கொண்டார். துரைக்கண்ணு செருப்பை வெளியே விட்டு உள்ளே வந்தார். ஐம்பதை நெருங்குகிற ஆள், வெள்ளைச் சட்டை, பையில் கட்சிக்காரர் யாருடையதோ படம். கையில் ஒரு மஞ்சள் பை நிறைய வெள்ளரிப்பிஞ்சு. வத்ஸலாவிடம் அதைக் கொடுத்தார். நாற்காலியில் உட்காரச் சொன்னபோது பரவாயில்லை என்று நின்றுகொண்டே பேசினார்.

அவர் வந்த விஷயம் இது. ஊரில் இருநூற்றுச் சொச்சம் பேரிடம் கையெழுத்து வாங்கி ஒரு மனு எழுதி வைத்திருந்தார். இரண்டு டிராக்டரில் ஆட்களை ஏற்றிக்கொண்டு கோட்டாட்சியர் ஆபீசுக்குப் போவதாக இருந்தார். அதற்குள் யாரோ, பட்டியல் போடுவது வாத்தியார்தான் என்று சொல்லியிருக்கிறார்கள். அதனால் நேரே இங்கே வந்துவிட்டார்.

"எங்க மண்டபம் லிஸ்ட்ல இருக்குதா, சாமி?"

ஸௌந்தரராஜன் ஜன்னலைப் பார்த்தார். இருக்கிறதா என்றால் இருக்கிறதுதான், முப்பத்தோராம் வரியில். "முப்பத்தொண்ணும் எழுதிக் குடுத்திருக்கேன்" என்றார். "எழுத வேண்டியதை எழுதியாச்சு. இனிமே ஆபீசர் பாத்துப்பா."

துரைக்கண்ணு முகத்தில் என்ன ஒரு நிம்மதி. கைகூப்பினார். சட்டைப்பையில் மடித்து வைத்திருந்த மனுவை எடுத்துக் காட்டி, இனிமேல் இது எதற்கு, டிராக்டரும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம், சாமி எழுதிக் கொடுத்த பிறகு நாங்கள் போய்ச் சத்தம் போட்டால் அது சாமியை நம்பாத மாதிரி ஆகிவிடும் என்றார். மனுவைத் திரும்பவும் நாலாய் மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். ஸௌந்தரராஜன் அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். மனுவையும் கொடுத்து வையுங்கள், எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொன்னால், ஏன் என்று அவர் கேட்பார். ஆகவே, "மோர் சாப்பிடறேளா?" என்று கேட்டார்.

துரைக்கண்ணு மோர் குடித்துவிட்டுப் போனார். நாலு வருஷம் முன்னால் நடந்ததைப் பற்றி ஒரு சாடை கூடக் காட்டவில்லை. அதுவே ஸௌந்தரராஜனுக்கு எரிச்சலாக இருந்தது. வத்ஸலா அந்த வெள்ளரிப்பிஞ்சை நறுக்கி உப்பும் மிளகும் போட்டு ராத்திரி சாப்பாட்டில் வைத்தாள். அவர் தொடவில்லை. வயிறு சரியில்லை என்றார்.

வெள்ளிக்கிழமை உத்தரவு வந்தது. கோயில் அலுவலகப் பலகையில் ஒட்டியிருந்தார்கள். ஸௌந்தரராஜன் பள்ளிக்கூடம் முடிந்ததும் ஸ்கூட்டரில் போய்ப் பார்த்தார். முப்பது இடங்களில் இடிப்பு ஆறு மாசத்துக்கு நிறுத்திவைப்பு. முசரவாக்கத்தார் மண்டபம் மட்டும் விலக்கு; திங்கள்கிழமை காலை வேலை ஆரம்பம். முப்பதுக்கு ஒன்று. அந்த ஒன்றும் யாரால் என்று பலகையில் எழுதியிருக்கவில்லை. ஆனால் அவருக்கு எழுதியிருப்பது போலவே இருந்தது. பக்கத்தில் நின்ற இரண்டு பேர் முப்பது பிழைத்ததே பெரிசு, வாத்தியார் கெட்டிக்காரர் என்று அவர் முகத்தைப் பார்த்துச் சிரித்தார்கள். அவரும் சிரித்து வைத்தார். சிரித்த வாய் மூட நேரமாயிற்று.

சனிக்கிழமை முழுக்க அவர் வீட்டுக்குள்ளேயே நடந்தார். ஞாயிற்றுக்கிழமையும் அப்படித்தான். சந்தியாவந்தனத்துக்கு உட்கார்ந்தால் மந்திரம் தப்பிற்று. மூன்று மண்டபத்துக்கு நான் பொய் சொன்னேன் என்று போய்ச் சொன்னால், அந்த மூன்றையும் இடித்துவிடுவார்களே; அதில் ஒன்று மைத்துனனுடையது. சொல்லாவிட்டால் நாலாவது போகும். சரி, உண்மையைச் சொன்னதற்கு ஒருத்தன் ஏன் இப்படித் துடிக்க வேண்டும்? இந்தக் கேள்விக்குப் பதில் அவருக்குத் தெரியும். தெரிந்துகொண்டே கேட்டுக்கொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இரண்டாவது தடவையாக அவர் இலையை மூடியபோது வத்ஸலா கரண்டியை வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்துவிட்டாள். பிடித்தால் பிடிதான், விடமாட்டாள். மென்று விழுங்கி, சுற்றி வளைத்து, கடைசியில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். வாய் வலிக்குதா சங்கதியையும் சொன்னார்.

"எங்க அண்ணாக்குப் பொய் எழுதினேள், அவாளுக்கு நிஜம் எழுதினேள். இதுல எது பாவம்னு பெருமாளுக்கே தெரியாது போங்கோ."

"உங்கண்ணா மண்டபமும் போயிடும்டி, நான் போய்ச் சொன்னா."

"போகட்டும்" என்றாள் வத்ஸலா. அண்ணா கல்லை வைத்து இன்னொன்று கட்டிக்கொள்வான், மனுவை மடித்து வைத்துக்கொண்டு போனாரே அந்த மனுஷர், அவர் முகத்தில் நான் எப்படி முழிப்பேன், அவர் கொடுத்த வெள்ளரியை நறுக்கித் தின்றவள் நான் என்றாள். அண்ணா மண்டபம் பிழைத்தபோது சிரித்தது ஞாபகம் வந்ததோ என்னவோ, கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து போனாள். அப்போதே புறப்பட்டுப் போய் முசரவாக்கத்தில் துரைக்கண்ணுவிடம் சொல்லியிருக்கலாம். ஸ்கூட்டரில் அரை மணி தூரம். ஸௌந்தரராஜன் போகவில்லை. அதிகாரியிடம் சொல்வது சுலபம். அவர் மூன்றாம் மனுஷி. துரைக்கண்ணுவிடம் சொல்வதற்குத்தான் அவருக்குத் தைரியம் வரவில்லை.

திங்கள்கிழமை பத்து மணிக்கு ஆபீஸ் திறக்கும். ஒன்பதுக்கே போய் நின்றார். கோட்டாட்சியர் அம்மாள் சரியாகப் பத்துக்கு வந்தார், சின்ன வயசுதான், வாத்தியாரிடம் படித்த பெண்களில் ஒருத்தி போல இருந்தார். ஸௌந்தரராஜன் உட்காராமலே சொல்லி முடித்தார். நாலுக்கும் மழை, மூன்றுக்கு ஆம் என்று எழுதினேன், ஒன்றுக்கு இல்லை என்று எழுதினேன், காரணம் என் சொந்தக் கோபம். இந்தக் கடைசி வார்த்தையைச் சொல்லும்போது அவருக்குக் காது மடல் சுட்டது.

அந்த அம்மாள் கோபிப்பார் என்று எதிர்பார்த்தார். கோபித்திருந்தால் கூடத் தேவலை. அவர் படிவத்தை எடுக்கச் சொல்லி, முப்பத்தோராம் வரியில் விரலை வைத்து, கடைசிக் கட்டத்துக்கு நகர்த்தினார்.

"குறிப்புன்னு ஒரு கட்டம் இருக்கு சார். இதுல மழைன்னு எழுதியிருந்தா போதுமே. ஒரு வருஷம் மழை பெஞ்சதுக்காக எந்த மண்டபத்தையாவது நான் இடிப்பேனா?"

ஸௌந்தரராஜன் அந்தக் கட்டத்தைப் பார்த்தார். காலியாக இருந்தது. நாலு வரியிலும் காலியாக இருந்தது. நாலுக்கும் இல்லை என்று எழுதி மழை என்று போட்டிருந்தால் நாலும் நின்றிருக்கும். பொய்யும் வேண்டியிருந்திருக்காது, இந்த உண்மையும் வேண்டியிருந்திருக்காது. பரீட்சைத் தாளில் பையன்கள் விட்டுவிடுகிற கட்டத்தை எல்லாம் சிவப்பு மையில் சுழித்துக் காட்டி முட்டாள் என்று எழுதுகிறவர் அவர். அப்போதுதான் நாற்காலியில் உட்கார்ந்தார்.

அந்த அம்மாள் நாலு வரியையும் திருத்தி எழுதச் சொல்லிக் கையெழுத்து வாங்கினார். மேஸ்திரியின் நம்பருக்குப் போன் போட்டால் எடுக்க ஆளில்லை. ஒரு தாளில் நிறுத்திவைப்பு உத்தரவை எழுதி, நகல் ஒன்றும் எடுத்து, முத்திரை போட்டு, நீங்களே கொண்டுபோங்கள், ஜீப் வெளியே போயிருக்கிறது, சீக்கிரம் போங்கள் என்றார். மற்றதைப் பிறகு பேசிக்கொள்ளலாம் என்றும் சொன்னார். ஸௌந்தரராஜன் தாளைச் சட்டைக்குள்ளும் நகலைப் பையிலும் செருகிக்கொண்டு ஸ்கூட்டரை மிதித்தார். அது மூன்று மிதிக்குப் பிறகுதான் கிளம்பியது. பஸ் ஸ்டாண்டுப் பக்கம் லாரி ஒன்று வழியை அடைத்துக்கொண்டு நின்றது. வாத்தியார் தன் வாழ்க்கையில் முதல் தடவையாக நடுரோட்டில் ஒரு லாரிக்காரரைக் கெட்ட வார்த்தையில் திட்டினார்.

அவர் போய்ச் சேரும்போது பதினொன்று ஆகிவிட்டது. இயந்திரம் ஏழு மணிக்கே வந்துவிட்டதாம். மேல் பலகைக் கற்கள் அத்தனையும் கீழே கிடந்தன. பன்னிரண்டு தூணில் ஐந்துதான் நின்றன. கலப்பை செதுக்கிய தூண் ஒன்று உண்டு, அது மூன்று துண்டாகக் கிடந்தது. சுற்றிலும் முசரவாக்கத்துச் சனம், ஆணும் பெண்ணுமாக நூறு பேர் இருக்கும். யாரும் கல்லெடுக்கவில்லை, யாரும் இயந்திரத்துக்கு முன்னால் படுக்கவில்லை. ஏன் என்று போய் நின்ற நிமிஷமே அவருக்குத் தெரிந்துவிட்டது. துரைக்கண்ணு அவர்களைத் தடுத்து நிறுத்திக்கொண்டிருந்தார். ஏதோ தப்பு நடந்திருக்கிறது, எங்கள் பெயர் லிஸ்டில் இருக்கிறது, வாத்தியார் சாமி கைப்பட எழுதியிருக்கிறார், ஆபீசில் கேட்டுவிட்டு வந்து இடியுங்கள் என்று மேஸ்திரியிடம் நாலு மணி நேரமாக ஒரே விஷயத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார். குரல் கட்டிப்போயிருந்தது.

ஸௌந்தரராஜன் தாளை ஆட்டிக்கொண்டே ஓடினார். மேஸ்திரி வாங்கிப் பார்த்துவிட்டுக் கையைத் தூக்கினார். இயந்திரம் நின்றது. பிறகு சனம் மொத்தமும் அவரைச் சூழ்ந்துகொண்டது. சாமி வந்துட்டாரு, சாமிதான் வந்து நிறுத்தினாரு என்று வாய்க்கு வாய் சொன்னார்கள். யாரோ ஒருவர் தோளிலிருந்த துண்டை எடுத்து அவர் தோளில் போட்டார். ஒரு கிழவர் காலில் விழப் போனார். ஸௌந்தரராஜன் பதறிப் பின்வாங்கினார், நிற்கிற தூணில் முதுகு இடித்தது. அழுகை வந்தது, அதையும் அவர்கள் தங்களுக்காக என்று நினைத்துக்கொண்டார்கள்.

துரைக்கண்ணுவைக் கையைப் பிடித்து இயந்திரத்துக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனார். சொல்லாமல் போய்விடலாம் என்று ஒரு நினைப்பு அப்போதும் இருந்தது. யாருக்குத் தெரியப்போகிறது, அந்த அம்மாள் வந்து சொல்லவா போகிறார். தோளில் அந்தத் துண்டு கனத்தது.

"இல்லைன்னு எழுதினது நான்தான்" என்றார். "ஆபீஸ்ல தப்பு இல்லை. நான்."

துரைக்கண்ணுவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்த பிறகும் நம்பவில்லை. ஏன் சாமி, நாங்கள் உங்களுக்கு என்ன செய்தோம் என்று மெதுவாகக் கேட்டார். ஸௌந்தரராஜன் காரணத்தைச் சொன்னார். நாலு வருஷம் முன்னால் நடந்த திருவிழா, உச்சி வெயில், வாய் வலிக்குதா, எல்லோரும் சிரித்தது, வகுப்பில் பையன்கள் கேலி செய்தது. நாலு வருஷமாக உள்ளே மலை மாதிரி இருந்த சங்கதி, விழுந்து கிடந்த கற்களுக்குப் பக்கத்தில் நின்று வாயால் சொல்லும்போது ஒரு கைப்பிடி கூட இல்லை. இருந்தாலும் முழுக்கச் சொன்னார்.

துரைக்கண்ணு நெற்றியைச் சுருக்கி யோசித்தார். உண்மையாகவே யோசித்தார்.

"நான் அப்படிச் சொன்னது ஞாபகமே இல்லியே. அந்த வருசம் எங்கப்பாரு செத்துட்டாரு. அவுரு பேரைத்தான் அதுவரைக்கும் நீங்க கூப்புடுவீங்க. மொதல் தடவையா எம் பேரு வரும்னு நின்னுக்கினு இருந்தேன். நீங்க கூப்புடல. எனக்கு அது ஒண்ணுதான் ஞாபகம் இருக்குது."

ஸௌந்தரராஜனுக்கு அந்தக் காலை நேரம் முழுக்க ஓடிக்கொண்டிருந்த ஏதோ ஒன்று அங்கே நின்றுபோயிற்று. மன்னிச்சுடுங்கோ என்று சொல்ல வாயெடுத்தார். அந்த வார்த்தைக்கு அங்கே என்ன வேலை என்று தோன்றியது. மூடிக்கொண்டார்.

துரைக்கண்ணு திரும்பிச் சனத்தைப் பார்த்தார். ஒரு கத்தல் போட்டால் போதும், அவர்கள் வாத்தியாரை என்ன செய்வார்கள் என்று அவருக்கும் தெரியும், வாத்தியாருக்கும் தெரியும். அவர் கத்தவில்லை. ஐந்து தூணையும் ஒரு தடவை எண்ணுகிற மாதிரி பார்த்தார். பிறகு கையை நீட்டினார்.

"ஆர்டர் காப்பியக் குடுங்க, சார். மழை வர்றதுக்குள்ள நிக்கற தூணுக்கு முட்டுக் குடுக்கணும்."

சாமி என்று அவர் சொல்லவில்லை. இனிமேல் சொல்லவும் மாட்டார் என்று ஸௌந்தரராஜனுக்குத் தெரிந்தது. உத்தரவின் நகல் சட்டைப்பையில் இருந்தது, எடுத்துக் கொடுத்தார். துரைக்கண்ணு அதை வாங்கி, அந்தப் பழைய மனு இருந்த பையிலேயே வைத்துக்கொண்டு, ஆட்களைக் கூப்பிட்டு மூங்கில் கொண்டுவரச் சொல்லப் போய்விட்டார். நடந்ததைப் பற்றி அவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

வெயில் ஏறியிருந்தது. துரைக்கண்ணுவின் பெண்சாதி பெரியநாயகி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து ஒரு சோடாவை உடைத்து ஸௌந்தரராஜன் கையில் திணித்தாள். "குடிங்க சாமி. நீங்க மட்டும் வரலைன்னா ஒரு தூணு கூட மிஞ்சியிருக்காது. எங்க புள்ள குட்டிங்க உங்க பேரைச் சொல்லும்" என்றாள். சுற்றி நின்றவர்கள் ஆமாம் ஆமாம் என்றார்கள். தூரத்தில் மூங்கிலைத் தோளில் வாங்கிக்கொண்டிருந்த துரைக்கண்ணுவுக்கும் அது கேட்டிருக்கும். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. ஸௌந்தரராஜன் அத்தனை பேர் பார்க்க அந்தச் சோடாவைக் கடைசிச் சொட்டு வரை குடித்தார்.